புதுக் குதிரைக்குச் சேணம் வாங்கும் முன்: நடுவில் உட்கார வைக்கும் சேணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் மார்வாரி இனக் குதிரையோ காத்தியவாரி இனக் குதிரையோ ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், கிண்டியிலோ பெங்களூரிலோ பந்தயம் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரையைச் சவாரிக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் குதிரையின் பல், குளம்பு, கால், நடை எல்லாவற்றையும் நாலு பேரை வைத்துப் பார்த்துவிட்டு, சேணத்தை மட்டும் ஒரு போட்டோவைப் பார்த்தோ, குதிரையோடு சேர்த்து இலவசமாகக் கிடைத்ததாலோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் மூன்று மாதம் கழித்து குதிரை உதைக்கிறது, கடிக்கிறது, ஏறவிட மாட்டேன் என்கிறது என்று குதிரையைக் குறை சொல்கிறார்கள். இதைத் தவிர்க்கலாம், பெரிய செலவில்லாமல், உங்கள் கையையும் கண்ணையும் வைத்தே.

இங்கே நான் பேசுவது இங்கிலீஷ் வகைச் சேணத்தைப் பற்றி, அதிலும் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயன்படும் ஜெனரல் பர்ப்பஸ் சேணத்தைப் பற்றி. புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் சரி. தாண்டுவதற்கான ஜம்பிங் சேணத்தின் பக்க மடல் முன்னால் தள்ளி வெட்டப்பட்டிருக்கும், நுணுக்கமான நடைப் பயிற்சிக்கான டிரெஸ்ஸாஜ் சேணத்தில் மடல் நீளமாக நேரே கீழே இறங்கும், இரண்டுமே ஒரு குறிப்பிட்ட விதத்தில் உட்காரத் தெரிந்தவர்களுக்கானவை. வெஸ்டர்ன் சேணம் எடையைப் பெரிய பரப்பில் பரப்பும், ஆனால் கனம் அதிகம், நம் ஊரில் கிடைக்கும் சின்ன உடம்புக் குதிரைகளின் முதுகுக்குப் பல சமயம் நீளமும் அதிகம். உள்ளே சட்டமே இல்லாத ட்ரீலெஸ் சேணங்களைத் தொடக்கத்தில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பந்தயக் குதிரையோடு வரும் ரேஸ் சேணம் ஜாக்கி அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், எழுந்து நிற்பதற்கானது, அதில் உட்கார்ந்து சவாரி பழகக் கூடாது.

முதலில் முதுகு

சேணக் கடைக்குப் போகும் முன் லாயத்துக்குப் போங்கள். குதிரையைச் சமதரையில், நாலு காலும் சதுரமாக இருக்கும்படி, தலை இயல்பான உயரத்தில் இருக்க நிறுத்தச் சொல்லுங்கள். புல் தின்னக் குனிந்திருக்கும் குதிரையிலோ ஒரு காலைத் தளர்த்தி நிற்கும் குதிரையிலோ எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உயர்ந்திருக்கிறதே, அதைச் சவாரிக்காரர்கள் விதர்ஸ் என்பார்கள், நாம் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பக்கமும் தோல் அடியில் அகலமான தட்டை எலும்பு ஒன்று இருக்கும், அதுதான் தோள்பட்டை எலும்பு. விரல்களால் அழுத்தி அதன் பின் விளிம்பைத் தேடுங்கள். கிடைத்ததும் ஒருவரை அந்தப் பக்க முன்னங்காலைத் தூக்கி முன்னால் நீட்டச் சொல்லிவிட்டு, விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருங்கள். எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்வது தெரியும். குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. அந்த எலும்பின் மேல் சேணத்தின் சட்டம் உட்கார்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் எலும்பு கெட்டியான ஒன்றில் போய் இடிக்கும். இதை ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால் சேணத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து பின் எல்லை. குதிரைக்கு வழக்கமாகப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவை வயிற்றின் பக்கத்தில் தொட்டுக் கண்டுபிடித்து, அது வளைந்து மேலேறும் வழியிலேயே முதுகுவரை விரலைக் கொண்டுபோங்கள். அதற்குப் பின்னால் இருப்பது இடுப்பு முதுகு, அங்கே கீழிருந்து தாங்க விலா கிடையாது, எடை விழக் கூடாது. ஆக, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் விட்டுத் தொடங்கி, கடைசி விலாவுக்கு முன்னால் முடிகிற அந்த இடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் மொத்த நிலம். இரண்டு புள்ளியிலும் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். சின்னக் குதிரைகளில் இந்த இடம் எவ்வளவு குறைவு என்று பார்க்கும்போதுதான், உங்கள் உடம்புக்கு வசதியான பெரிய சேணம் அந்தக் குதிரைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது புரியும்.

அப்புறம் முதுகின் வடிவத்தை அச்சு எடுக்க வேண்டும். பொறியியல் மாணவர்கள் வரைபடத்துக்கு வாங்கும் வளையக்கூடிய ஸ்கேல் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும், ஃப்ளெக்ஸிபிள் கர்வ் என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் கையால் வளைத்தால் அப்படியே நிற்கிற கெட்டியான கம்பி போதும். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் ஒன்று, சேணத்தின் நடு வரும் இடத்தில் ஒன்று, கடைசி விலா அருகே ஒன்று என்று குறுக்காக மூன்று அச்சு. தோள்மேட்டிலிருந்து கடைசி விலா வரை முதுகெலும்பின் மேல் நீளவாக்கில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் அட்டையில் வரைந்து, இடது வலது குறித்து, தேதியும் போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கு அட்டைகளை வெட்டி எடுத்தால் கடையில் சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடியில் பொருத்திப் பார்க்கலாம், தூரத்தில் இருந்து வாங்கினால் போட்டோ எடுத்து அனுப்பலாம். தேதி எதற்கு என்றால் ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் இதே அச்சை மறுபடி எடுக்கப் போகிறீர்கள்.

வரைந்த அட்டையை நடுவில் மடித்துப் பாருங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் பெரும்பாலும் ஒத்துவராது, குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பருமனாக இருப்பது சாதாரணம். பயப்பட வேண்டாம். பருமனான பக்கத்துக்கு இடம் விட்டுச் சட்டத்தின் அகலத்தைத் தேர்ந்தெடுத்து, மெலிந்த பக்கத்தைச் சின்னத் திண்டு வைத்து நிரப்புவதுதான் வழக்கம். மாற்றிச் செய்தால் பருமனான தோள் நசுங்கும்.

சேணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது

சேணத்தின் உள்ளே சட்டம் ஒன்று இருக்கிறது, ட்ரீ என்பார்கள். மரம், இரும்பு, பிளாஸ்டிக் என்று எதிலும் இருக்கலாம். சேணத்தின் முன்மேடு, பின்மேடு, அங்கவடி வார் மாட்டும் இரும்புக் கொக்கி எல்லாமே அந்தச் சட்டத்தின் பகுதிகள். அடியில் முதுகெலும்புக்கு இரு பக்கமும் படுக்கிற திண்டுகளைப் பேனல் என்கிறோம், உள்ளே கம்பளியோ ஃபோமோ இருக்கும். இரண்டு பேனலுக்கும் நடுவில் ஓடும் கால்வாய்க்குள் முதுகெலும்பு எதையும் தொடாமல் இருக்க வேண்டும்.

பழைய சேணம் வாங்கினால் முதலில் சட்டம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்மேட்டை உங்கள் வயிற்றில் முட்டுக்கொடுத்து பின்மேட்டைக் கையால் உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ என்றால் கொஞ்சம் வளைந்து உடனே திரும்பும், அது சரிதான். ஒரு பக்கம் அதிகமாக மடங்கினாலோ, நடுவில் இருக்கைத் தோல் ஆழமாகச் சுருங்கினாலோ, உள்ளே கிறீச்சென்றோ சொடக்கென்றோ சத்தம் கேட்டாலோ கீழே வைத்துவிடுங்கள். முன்மேட்டின் இரு கரங்களையும் பிடித்து உள்ளே வெளியே அழுத்தும்போது அசைவே இருக்கக் கூடாது. சட்டம் போன சேணத்தை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சரிசெய்து கொடுக்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம்.

பிறகு தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கால்வாய் நேராக ஓடுகிறதா, இரண்டு பேனலும் ஒரே பருமனா, எங்காவது கட்டி தட்டியிருக்கிறதா. எப்போதும் தரையிலிருந்தே இடது பக்கம் தொங்கி ஏறி ஏறிப் பழகிய சேணங்கள் முறுக்கிப் போயிருக்கும், இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் தெரியும். கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று நாலு விரல் அகலம் இருக்க வேண்டும், முன்னால் தாராளமாகத் தொடங்கிப் பின்னால் இரண்டு விரலுக்குக் குறுகிவிடும் சேணங்கள் நிறைய உண்டு, அவை வேண்டாம். கிர்த், அதாவது சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டை, அதை மாட்டும் வார்களின் தையலை இழுத்துப் பாருங்கள், ஓட்டைகள் நீண்டு கிழியும் நிலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வார் மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் பார்க்காமல் ஏறினால் ஓட்டத்தின் நடுவில் அறுந்துவிடும்.

சட்டத்தின் அகலத்தை நேரோ, மீடியம், வைடு என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் நேரோவாக இருக்கும், இதற்குப் பொது அளவு என்று ஒன்றும் கிடையாது. உங்கள் அட்டை அச்சுதான் உண்மை பேசும்.

குதிரையின் மேல்

இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். அடித்துணி, பேட், எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வைக்க வேண்டும். சேணம் அழுக்காகிவிடும் என்று விற்பவர் யோசித்தால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சேணத்தைச் சற்று முன்னால், தோள்மேட்டின் மேல் வைத்துப் பின்னால் மெதுவாக நகர்த்துங்கள், ரோமம் படிந்த திசையிலேயே. ஓர் இடத்தில் அதுவாகவே நின்றுவிடும். அங்கேயே விடுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் சேணத்தை ரொம்ப முன்னால் வைத்துக் கட்டுகிறார்கள், தோள்பட்டை எலும்பின் மேலேயே. அப்படி வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்ப்பவர் சேணம் குறுகலாக இருக்கிறது என்று தவறாக நினைத்து இன்னும் அகலமானதைத் தேடுவார். நீங்கள் போட்ட சாக்பீஸ் கோட்டோடு ஒப்பிடுங்கள். மடலின் தோல் கொஞ்சம் முன்னால் வந்தால் பரவாயில்லை, சட்டத்தின் முனை வரக் கூடாது.

இப்போது நாலடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். இருக்கையின் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே இருக்கிறது? அது நடுவில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு உருண்டைப் பென்சிலையோ கோலிக்குண்டையோ இருக்கையில் போடுங்கள், உருண்டுபோய் நிற்கும் இடம்தான் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சறுக்கிப் போகும் இடம். ஜெனரல் பர்ப்பஸ் சேணத்தில் பின்மேடு முன்மேட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது வழக்கம், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் வடிவமைப்புக்கு வடிவமைப்பு அந்த உயரம் மாறும். பென்சில் நடுவில் நிற்கிறதா என்பதே கேள்வி.

பென்சில் முன்னால் ஓடினால் சட்டம் அகலம் அதிகம். முன்பக்கம் தோள்மேட்டின் மேல் இறங்கிவிட்டது, நீங்கள் முன்னால் சாய்ந்து, கால் பின்னால் போய், விழாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குவீர்கள். பின்னால் ஓடினால் சட்டம் குறுகல், முன்பக்கம் தூக்கி நிற்கிறது, உங்கள் எடை முழுக்கப் பின்மேட்டின் அடியில் அந்த இடுப்பு முதுகை நோக்கி விழும், கால் முன்னால் நீண்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். பயிற்சியாளர் காலைப் பின்னால் இழு, நிமிர்ந்து உட்கார் என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருப்பார், அதில் பாதித் தவறு உங்களுடையது அல்ல, சேணத்தினுடையது. நடுவில் உட்கார வைக்கும் சேணம் என்று நான் சொல்வது இதைத்தான்: நீங்கள் எதுவும் செய்யாமலேயே காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வருகிற மாதிரி உட்கார வைப்பது. சேணத்தோடு சண்டை போட்டுத்தான் நேராக உட்கார முடியும் என்றால், அந்தச் சண்டை முழுவதும் குதிரையின் முதுகில்தான் நடக்கிறது.

முன்பக்கம் வாருங்கள். முன்மேட்டுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், ஆள் ஏறாதபோது, நிமிர்த்தி வைத்த மூன்று விரல் போக வேண்டும், ஏறிய பிறகும் இரண்டு விரலாவது இருக்க வேண்டும். மேலே மட்டும் இடம் இருந்தால் போதாது, தோள்மேட்டின் பக்கங்களிலும் கை போக வேண்டும். பந்தயத்திலிருந்து வரும் தரோபிரெட்டுகளுக்கு இந்த இடத்தில் நல்ல கவனம் தேவை, அவற்றின் தோள்மேடு உயரமாகவும் பின்னால் நீண்டும் இருக்கும், அதற்கு இரு பக்கமும் தசை குறைந்து குழி விழுந்திருக்கும். நாலைந்து விரல் இடம் இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது பெரும்பாலும் சட்டம் குறுகல் என்று சொல்கிறது. முன்மேட்டின் உள்ளே இறங்கும் சட்டத்தின் கரம் குதிரையின் தோள் சரிவோடு இணையாக இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

பின்பக்கம் நின்று, குதிரை உங்களுக்குப் பழக்கமானதாக இருந்தால் மட்டும், கால்வாய் வழியாகப் பாருங்கள், முன்னால் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணம் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் சரிகிறதா என்பதும் இங்கிருந்து தெரியும்.

கடைசியாகக் கை. ஒரு கையால் சேணத்தை மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு, மற்றக் கையை விரித்துப் பேனலுக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு மெதுவாக ஓட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கிடைக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் இறுக்கமாக இருந்து நடுவில் கை சும்மா போய்வந்தால், சேணம் பாலம் போட்டு நிற்கிறது, நாலு மூலையில் மட்டும் உங்கள் எடை விழும். மாறாக நடுவில் இறுக்கமாக இருந்து முன்னும் பின்னும் தூக்கினால் தொட்டில் போல ஆடும். அழுத்தத்தில் சின்ன வித்தியாசம் என்றால் கம்பளி திணித்த பேனலில் சரிசெய்துகொள்ளலாம், கை தெளிவாகக் காலியாகப் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் வேறு சேணம் பாருங்கள்.

கிர்த் வார்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி வயிற்றில் ஒரு குறுகலான இடம் இருக்கும், கிர்த் இயல்பாகப் போய் உட்காரும் இடம் அது. வார்கள் நேரே அதை நோக்கித் தொங்க வேண்டும். பின்னால் தள்ளித் தொங்கினால், நடக்க நடக்கக் கிர்த் தன் இடத்துக்கு முன்னால் போகும், சேணத்தையும் தோள்மேல் இழுத்துக்கொண்டு போகும். சேணம் முன்னால் ஓடுகிறது என்று வாலுக்கு வார் கட்டுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். கிர்த்தை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள், ஓர் ஓட்டை இறுக்கி, கொஞ்சம் நடத்தி, மறுபடி ஓர் ஓட்டை.

ஏறிப் பார்ப்பது

நிற்கும் குதிரையில் பொருந்திய சேணம் ஓடும் குதிரையில் பொருந்தாமல் போவதுண்டு, ஏனென்றால் ஓடும்போது முதுகு உயர்கிறது, தோள் சுழல்கிறது. அதனால் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்டூல் போட்டு ஏறுங்கள். ஏறியதும் மறுபடி தோள்மேட்டு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நடை, துள்ளோட்டம், பாய்ச்சல், இரண்டு பக்க வட்டத்திலும், மொத்தம் இருபது முப்பது நிமிடம். தரையில் ஒருவர் நின்று வீடியோ எடுக்கட்டும், பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும். பின்மேடு ஒவ்வோர் அடிக்கும் எகிறி விழுகிறதா, சேணம் ஒரே பக்கம் சரிகிறதா, முன்னால் ஏறுகிறதா என்று அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். துள்ளோட்டத்தில் எழுந்து உட்காரும்போது பின்னால் தொப்பென்று விழாமல், அங்கவடியில் நின்று நிதானிக்க முடிந்தால், அங்கவடிக் கொக்கி உங்களுக்குச் சரியான இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கால் முன்னால் ஓடிப்போனால் கொக்கி அதிகம் முன்னால் இருக்கிறது, அது உங்கள் பயிற்சியால் சரியாகாது.

உங்கள் அளவைப் பற்றி இப்போதுதான் பேசுகிறேன், வரிசை அதுதான். இருக்கை அளவு அங்குலத்தில், முன்மேட்டுப் பக்கத்தில் இருக்கும் ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுவரை. பெரியவர்களுக்கு 16.5, 17, 17.5, 18 என்று வரும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பின்புறத்திலிருந்து முழங்கால் வரை அளந்து பாருங்கள், 20 முதல் 21.5 அங்குலம் வந்தால் 17-லிருந்து தொடங்கலாம். ஏறி உட்கார்ந்த பிறகு உங்களுக்குப் பின்னால் ஒரு கை அகலம் மீதி இருக்க வேண்டும், முழங்கால் மடலுக்கு வெளியே போகக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால், குதிரையின் முதுகில் இடம் இருக்கிறது என்ற நிபந்தனையோடு, பெரியதை எடுங்கள், குறுகிய இருக்கை உங்கள் எடையைப் பின்மேட்டின் மேல் தள்ளும். எடை பற்றியும் ஒரு வார்த்தை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. தோல் சேணம் ஒன்று ஏழெட்டு கிலோ வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இறங்கிச் சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும், கால்வாய் இருந்த நடுப்பகுதி காய்ந்திருக்கும். சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் மட்டும் ஒரு காய்ந்த வட்டம் இருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாக விழுகிறது, அல்லது சேணம் அங்கே தொடவே இல்லை. கையால் பேனலுக்கடியில் பார்த்ததை நினைவுபடுத்தினால் எது என்று தெரிந்துவிடும். ரோமம் கலைந்து சுருண்டிருந்தால் சேணம் தேய்க்கிறது. விரல் நுனியால் முதுகெலும்பின் இரு பக்கமும் மிதமாக அழுத்திக்கொண்டே போங்கள், குதிரை முதுகைத் தாழ்த்திக்கொண்டாலோ தோலைச் சிலிர்த்தாலோ வலிக்கிறது என்று பொருள். வாங்கப்போகும் குதிரையின் தோள்மேட்டில் வெள்ளை ரோமத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பழைய சேணம் அழுத்தி உண்டான தழும்பு, அந்தக் குதிரைக்குச் சேணம் என்றாலே பயம் இருக்கலாம், பொறுமையாக இருங்கள்.

சேணத்தைப் பார்த்ததும் காதைப் பின்னால் மடக்குவது, கிர்த் கட்டும்போது கடிக்க வருவது, வாலை வீசிக்கொண்டே இருப்பது, ஏறியதும் முதுகைப் பள்ளமாக்குவது, ஒரு பக்கப் பாய்ச்சலுக்கு மறுப்பது, இவை எல்லாம் குதிரை உங்களிடம் சொல்கிற வார்த்தைகள். திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிக்காதீர்கள். அதே சமயம் எல்லாவற்றுக்கும் சேணமே காரணமும் அல்ல, வயிற்றுப்புண், பல், கால் வலி எதிலும் இதே அறிகுறி வரும். சேணத்தை மாற்றிய பிறகும் தொடர்ந்தால் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எதை வாங்குவது

புதுக் குதிரையின் முதுகு மாறும், இதை மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள். குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தரை, ஆறு வயது ஆகும். பந்தயத்திலிருந்து நாலு வயதில் வந்த குதிரை, ஒழுங்கான தீனியும் வேலையும் கிடைத்தால், ஓராண்டுக்குள் தோள்மேட்டுக்குப் பின்னால் இருந்த குழி நிரம்பி வேறு குதிரை மாதிரி ஆகிவிடும். சந்தையில் மெலிந்து வாங்கிய குதிரையும் அப்படித்தான். இன்றைய முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த விலை உயர்ந்த சேணம் அன்றைக்குக் குறுகலாகிவிடும். குதிரைப்படைகளுக்கே இது பெரிய தலைவலியாக இருந்தது, நீண்ட படையெடுப்பில் குதிரைகள் இளைத்துப்போகும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சேணம் கொடுக்க முடியாது. பிரிட்டிஷ் ராணுவம் 1912-இல் கொண்டுவந்த யுனிவர்சல் பேட்டர்ன் சேணத்தில், முதுகில் படும் பக்கப் பலகைகள் இரும்பு வளைவுகளோடு அசையும்படி இணைக்கப்பட்டிருந்தன, முதுகின் வடிவத்துக்கு ஏற்றபடி அவை திரும்பிக்கொள்ளும், மீதியை அடியில் மடித்துப் போடும் கம்பளி பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கு அதே வேலையைச் செய்வது, முன்மேட்டு இரும்பைக் கழற்றி வேறு அகலம் மாட்டக்கூடிய சேணங்கள். விண்டெக் போன்ற செயற்கைத் துணிச் சேணங்களில் இந்த வசதி இருக்கிறது. முதல் சேணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன், புதிது கட்டுப்படியாகாவிட்டால் பழையது. எடை குறைவு, ஈரத் துணியால் துடைத்தால் போதும், கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் தோல் பூஞ்சை பிடிப்பது போன்ற தொல்லையும் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அகலத்தை மாற்றலாமே தவிர முதுகின் நீளவாக்கு வளைவுக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியாது, அந்த வளைவு முதலிலேயே ஒத்துவர வேண்டும்.

தோல்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கான்பூர் இருக்கிறது. ராணுவத்துக்காக 1860-களில் அங்கே அரசு சேணத் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஊரே அந்தத் தொழிலில் வளர்ந்தது, கான்பூர் சேணப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு, உலகம் முழுக்க ஏற்றுமதி ஆகிறது. தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். அச்சு அட்டைகளின் போட்டோவை அனுப்பி, சட்டம் எந்தப் பொருளால் ஆனது, பேனலில் கம்பளியா ஃபோமா, அகலம் எவ்வளவு, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்பவரிடம் வாங்காதீர்கள். கம்பளி திணித்ததையே கேட்டு வாங்குங்கள், பின்னால் கூட்டிக் குறைக்கலாம். இங்கிலாந்தில் சேணத் தொழிலுக்குப் பேர்போன வால்சல் ஊரில் செய்த பழைய சேணங்கள் சவாரி மன்றங்களில் கைமாறிக் கைமாறி வரும், சட்டம் நன்றாக இருந்தால் இருபது வருடப் பழையதுகூட நல்ல கொள்முதல்.

பொருந்தாத சேணத்தைத் தடிமனான பேட் போட்டுச் சரிசெய்யலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சேணம் குறுகல் என்றால் பேட் போடப் போட இன்னும் இறுக்கும், கடிக்கிற செருப்புக்குள் தடி சாக்ஸ் போடுவது போலத்தான். சற்றே அகலமான சேணத்தில், குதிரைக்குத் தசை ஏறும் வரை, முன்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய திண்டு வைப்பது வேறு, அது சரியான முறை. எந்தப் பேட் போட்டாலும் அதைக் கால்வாய்க்குள் மேலே இழுத்துவிட்டுக் கிர்த் கட்டுங்கள், முதுகெலும்பின் மேல் விறைப்பாக இழுபடக் கூடாது.

வாங்கிய பிறகு புதுக் கம்பளி அமுங்கும், அதனால் முதல் மூன்று மாதத்திலேயே பென்சிலையும் கையையும் வைத்து ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சு எடுத்துப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள், இளங்குதிரை என்றால் இன்னும் அடிக்கடி. குதிரை நோயில் இளைத்தாலோ, மாதக்கணக்கில் ஓய்வில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாலோ ஏறும் முன் பாருங்கள். தோல் சேணத்தை வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காற்றாட விட்டு, கிளிசரின் சோப்பால் துடைத்து, மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடாமல் பருத்தித் துணி போட்டு, எலி எட்டாத உயரத்தில் தாங்கியின் மேல் வையுங்கள். தரையில் வைக்க நேர்ந்தால் முன்மேட்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள், அப்படியே படுக்கப்போட்டால் பேனலும் மடலும் கோணிக்கொள்ளும்.